ஓசூர் பக்கம் குடிவந்த கத்தோலிக்கருக்கு: பங்கில் சேர வேண்டிய வழி

வேலைக்காக ஓசூருக்குக் குடிவருகிறவர்கள் முதல் வாரமே பால்காரர், கேஸ் ஏஜென்சி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விசாரித்துவிடுகிறார்கள். கோயில் விஷயத்தில் மட்டும், "ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போறோமே, அப்புறம் என்ன?" என்று விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்குப் புதுநன்மை (முதல் முறை நற்கருணை வாங்குவது), தம்பிக்குக் கல்யாணம், வீட்டுப் பெரியவருக்கு நோய் என்று ஏதாவது ஒன்று வரும்போதுதான், "நீங்க எந்த அன்பியம்?" என்ற கேள்வி வரும். அன்பியம் என்றால் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழு. சொல்லப் பதில் இருக்காது.

நாங்கள் குமரி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். அங்கே பிறந்த நாளிலிருந்தே பங்குக்காரர்கள் (ஒரு கோயிலின் பொறுப்பில் உள்ள பகுதியின் மக்கள்) என்பதால் யாரும் எங்களிடம் ஒரு தாள் கேட்டதில்லை. இங்கே வந்தபின் ஒவ்வொன்றுக்கும் ஊருக்கு ஃபோன், கூரியர், பெயரில் எழுத்துப் பிழை, மறுபடி கூரியர் என்று அலைந்தோம். வரிசையாகச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் எங்கே குடியேறினாலும் இந்த வரிசை பொருந்தும்.

முதலிலேயே ஒன்று. பதிவேட்டில் பெயர் ஏறுவது சின்ன வேலை, சில வாரங்களில் முடிந்துவிடும். அந்தப் பெயருக்கு உரிய முகத்தை நாலு பேர் தெரிந்துகொள்ளத்தான் மாதங்கள் ஆகும். இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள். தாள் வேலை முடியட்டும், அப்புறம் ஆட்களோடு பழகலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் பலர் இன்னும் கடைசி பெஞ்சில்தான் இருக்கிறார்கள்.

1. உங்கள் பங்கு எது என்று பாருங்கள்

பங்கு என்பது பெரும்பாலும் எல்லை வைத்துப் பிரித்தது. எந்தக் கோயிலில் பாட்டு நன்றாக இருக்கிறது, எங்கே வண்டி நிறுத்த இடம் இருக்கிறது என்பதையெல்லாம் வைத்து அது முடிவாவதில்லை. நீங்கள் குடியிருக்கும் தெரு எந்தப் பங்கின் எல்லைக்குள் வருகிறதோ அதுதான் உங்கள் பங்கு. திருச்சபைச் சட்டப்படி, குறைந்தது 3 மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்தாலே, அல்லது 3 மாதம் தங்கிவிட்டாலே, நீங்கள் அந்தப் பங்கைச் சேர்ந்தவர்தான். வாடகை வீடு என்பதற்காகத் தயங்க வேண்டாம்.

எல்லையைத் தெரிந்துகொள்ள எளிய வழி, பூசை முடிந்ததும் உபதேசியாரிடமோ (கோயிலில் வேதம் சொல்லித் தருபவர்) கோயில்பிள்ளையிடமோ (கோயில் பணியாளர்) போய்த் தெருப் பெயரைச் சொல்வதுதான். புதிதாக எழும்பிய நகர் என்றால் அவர்களுக்கே குழப்பம் இருக்கும். பக்கத்தில் தெரிந்த பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க் என்று அடையாளம் சொல்லுங்கள்.

இங்கே புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் "ஓசூர் மறைமாவட்டம்" என்று தேடினால் வருவது 2017-ல் உருவான சீரோ மலபார் மறைமாவட்டம். சீரோ மலபார் என்பது கேரளத்தில் வேரூன்றிய கீழை வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர், மறைமாவட்டம் என்பது ஓர் ஆயரின் (பிஷப்) கீழுள்ள பங்குகளின் தொகுதி. தமிழ்நாட்டின் பெரும்பாலான கத்தோலிக்கர் இலத்தீன் (ரோம) வழிபாட்டு முறையினர். அவர்களுக்கு கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களும் சேர்ந்து தருமபுரி மறைமாவட்டம். சீரோ மலபார் கோயிலில் ஞாயிறு பூசை கண்டாலும் கடன் (ஞாயிறு பூசை காண வேண்டிய கடமை) தீரும், அதில் தவறில்லை. ஆனால் உங்கள் பதிவும் சான்றிதழும் இலத்தீன் பங்கில்தான் நடக்க வேண்டும். கணவன் மனைவியில் ஒருவர் சீரோ மலபார் என்றால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளின் ஞானஸ்நானத்தின்போது அது கணக்கில் வரும்.

ஆயர் இல்லம் தருமபுரியில் இருக்கிறது, ஓசூரிலிருந்து 90 கிலோமீட்டருக்குக் குறையாது. சாதாரணப் பதிவுக்கு அங்கே போக வேண்டியதில்லை. கலப்புத் திருமணம் (கத்தோலிக்கர் அல்லாதவரோடு நடப்பது) போன்றவற்றுக்குத்தான் கோப்பு அங்கே போகும்.

2. பழைய ஊரை விட்டுக் கிளம்பும் முன் வாங்க வேண்டியவை

வீட்டுச் சாமான் லாரியில் ஏறுவதற்கு முன்பே இவற்றை வாங்கிவிட்டால் பெரிய தலைவலி போகும். ஏற்கெனவே வந்துவிட்டீர்கள் என்றால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய பங்குத்தந்தையின் கடிதம். பங்கின் தலைப்புத் தாளில் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். குடும்பத்தார் எல்லார் பெயரும், யார் யார் என்னென்ன அருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், நற்கருணை போன்றவை) பெற்றிருக்கிறார்கள் என்பதும், சந்தா பாக்கி இல்லை என்பதும் அதில் வரட்டும். குடும்ப அட்டை கொடுக்கும் பங்கு என்றால் அதையும் கேளுங்கள். பாக்கி இருந்தால் கட்டிவிட்டுக் கேட்பதுதான் மரியாதை, வேலையும் சீக்கிரம் நடக்கும்.

அடுத்தது ஞானஸ்நானச் சான்றிதழ், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. இது எங்கே ஞானஸ்நானம் நடந்ததோ அந்தக் கோயிலில் மட்டும்தான் கிடைக்கும். வளர்ந்த ஊர் வேறு, ஞானஸ்நானம் பெற்றது அம்மாவின் ஊர் என்பது நம்மில் ரொம்ப சகஜம். முன்பே வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வையுங்கள். ஆண்டு, தேதி, அப்பா அம்மா பெயர், ஞானப் பெற்றோர் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்காகப் பொறுப்பேற்று நிற்பவர்கள்) பெயர் தெரிந்திருந்தால் தேட வசதி. ஆண்டு தெரியாவிட்டால் அந்த நீளமான பழைய பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும். அதற்கு ஒருவர் உட்கார வேண்டும் என்பதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

உறுதிபூசுதலும் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் அருட்சாதனம்) திருமணமும் அதே ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். வேறு ஊரில் கல்யாணம் நடந்திருந்தால் தகவல் போய்ச் சேராமல் அந்த இடம் காலியாக இருக்கலாம். கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். கோயில் திருமணச் சான்றிதழ், பிள்ளைகள் மறைக்கல்வியில் (கோயிலில் நடக்கும் வேத வகுப்பு) எந்த வகுப்பு முடித்தார்கள் என்ற தாள், இவையும் வேண்டும். இங்கே வந்தபின் ஆதார் நகல், வாடகை ஒப்பந்த நகல், குடும்ப ஃபோட்டோ ஆகியவற்றைச் சில பங்குகளில் கேட்பார்கள்.

பெயர்தான் பெரிய வில்லங்கம். பதிவேட்டில் "மரிய அந்தோணியம்மாள்", ஆதாரில் வேறு பெயர். அல்லது அப்பா பெயர் "சூசை", பள்ளிச் சான்றிதழில் "ஜோசப்". திருத்தமோ விளக்கமோ ஞானஸ்நானம் நடந்த பங்கில்தான் செய்ய முடியும். ஓசூர் ஃபாதரிடம் எவ்வளவு கேட்டாலும் அவர் கையில் அந்தப் பேரேடு இல்லை. சான்றிதழை வாங்கியதும் அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். எங்கள் வீட்டுத் தாள் ஒன்று மூன்றெழுத்துக் குழப்பத்தால் இரண்டு முறை ஊருக்குப் போய் வந்தது.

நேரம்: பல மறைமாவட்டங்களில் மே, ஜூன் மாதங்களில் பங்குத்தந்தையருக்கு இடமாற்றம் வரும். உங்களைத் தெரிந்த ஃபாதர் மாறுவதற்கு முன் கடிதத்தை வாங்கிவிடுங்கள். புதிதாக வந்தவருக்கு உங்களைப் பற்றி எழுத ஒன்றும் இருக்காது.

3. பங்குத்தந்தையைப் பார்ப்பது

ஞாயிறு பூசை முடிந்ததும் படிக்கட்டில் வைத்துப் பிடிக்காதீர்கள். சுற்றிலும் பத்துப் பேர் நிற்பார்கள், அவர் தலையாட்டுவார், உங்கள் முகம் அன்று மாலையே மறந்துபோகும். அலுவலக நேரம் அறிவிப்புப் பலகையில் இருக்கும், வார நாளில் போங்கள். புனித வாரம், கிறிஸ்துமஸ் வாரம், பங்குத் திருவிழா நவநாள் வேண்டவே வேண்டாம். முடிந்தால் குடும்பத்தோடு போங்கள். பிள்ளைகளைப் பார்த்தால் எந்த மறைக்கல்வி வகுப்பு, பலிபீடப் பணியில் சேர விருப்பமா என்று பேச்சு தானாக வளரும்.

செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. மாதச் சந்தா அல்லது ஆண்டு வரி பங்குக்குப் பங்கு மாறும். வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், பத்திரமாக வையுங்கள். பூசைக் கருத்துக்கான (ஒருவருக்காகப் பூசை வைக்கச் சொல்வது) காணிக்கையை ஆயர்கள் முடிவுசெய்கிறார்கள். வசதியில்லாதவருக்கு அந்தக் காரணத்தாலேயே அருட்சாதனம் மறுக்கப்படக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. கையில் பணமில்லாத மாதம் என்றால் ஒளிந்துகொள்ளாமல் போய்ச் சொல்லுங்கள். சந்தா பாக்கிக்குப் பயந்து கோயிலையே விட்டவர்களை எனக்குத் தெரியும். அது தேவையே இல்லாத இழப்பு.

கோயில் கட்டட நிதி என்று யாராவது வீட்டு வாசலில் வந்து கேட்டால், பங்கு ரசீதுப் புத்தகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

4. அன்பியத்துக்குப் போங்கள்

இதுதான் நான் அழுத்திச் சொல்ல வந்தது. பக்கத்துப் பக்கத்தில் வசிக்கும் குடும்பங்களின் சிறு குழுதான் அன்பியம். ஏதாவது ஒரு புனிதர் பெயர் இருக்கும், ஒரு பொறுப்பாளர் இருப்பார், முறை வைத்து வீடுகளில் கூடுவார்கள். பதிவு செய்யும்போதே உங்கள் தெரு எந்த அன்பியம், பொறுப்பாளர் யார், அடுத்த கூட்டம் எந்த வீட்டில் என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். "அவங்களே வந்து கூப்பிடுவாங்க" என்று காத்திருக்காதீர்கள். பொறுப்பாளரும் ஷிப்ட்டுக்குப் போகிறவர்தான்.

எலத்தகிரி, கோவிலூர் மாதிரிப் பழைய கிறிஸ்தவ ஊர்களில் தெருவே சொந்தபந்தம். அங்கே அன்பியம் இல்லாவிட்டாலும் ஒருவர் இரண்டு வாரம் கோயிலுக்கு வரவில்லை என்றால் விசாரிக்க ஆளுண்டு. ஓசூர் லேஅவுட்டில் மாடி வீட்டில் இருப்பவர் பெயரே தெரியாது. இங்கே அந்த வேலையைச் செய்வது அன்பியம் மட்டும்தான்.

முதல்முறை போகிறவருக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் கூச்சமாக இருக்கும், அதனால் சொல்கிறேன். ஒற்றைப் படுக்கையறை வீடு. கட்டிலை நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பாய் விரித்திருப்பார்கள். வயதான அம்மாவுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஸ்டூலின் மேல் திருவிவிலியம், பக்கத்தில் மெழுகுவத்தி. பெரும்பாலும் வரும் ஞாயிறுக்குரிய நற்செய்திப் பகுதியை எடுப்பார்கள். பல இடங்களில் ஏழு படி முறை: ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லைச் சத்தமாகச் சொல்வது, மௌனம், பகிர்வு, செய்ய வேண்டியதைப் பேசுவது, செபம். ஏதோ ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொன்னால் போதும், பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. மௌன நேரத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும், பிள்ளைகள் சிரிக்கும், யாரும் கோபப்பட மாட்டார்கள்.

ஆறாவது படியைத்தான் கவனிக்க வேண்டும். பல இடங்களில் சுண்டல் ஆறுகிறதே என்று அதைத் தாண்டி ஓடிவிடுவார்கள். யார் ஆஸ்பத்திரியில், யாருக்கு ரத்தம் வேண்டும், யாருடைய வேலை போயிருக்கிறது, எந்தப் பிள்ளை மறைக்கல்விக்கு வரவில்லை, நாம் என்ன செய்யலாம் என்று பேசும் இடம் அது. நான் பார்த்த ஒரு கூட்டத்தில், கணவர் இரவு ஷிப்ட்டில் இருக்கும் கர்ப்பிணிக்கு யார் வீட்டு எண்ணைக் கொடுப்பது என்று பேசி, ஆட்டோ வைத்திருக்கும் ஒருவர் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். செபம் அதற்கப்புறம்தான். தனியாக உட்கார்ந்து எவ்வளவு செபமாலை சொன்னாலும் இந்த ஒரு படியை நம்மால் செய்ய முடியாது. கைப்பேசியில் பூசை பார்ப்பதும் அப்படித்தான். நோயாளிக்கு அது வரம். மற்றவர்களுக்கு, அங்கே நம்மை எதுவும் கேட்க ஆளில்லை என்பதே குறை.

முறை உங்கள் வீட்டுக்கு வரும்போது வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம், மைக் இல்லை, பக்கத்து வீட்டு ஆட்கள் என்று சொன்னால் பெரும்பாலானோர் சரி என்பார்கள். சொல்லாமல் வாசலில் இருபது ஜோடிச் செருப்பு குவிந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். அவர் மறுத்தால் வேறு வீட்டில் வைத்துக்கொள்ள அன்பியம் ஒத்துக்கொள்ளும். செலவு டீயும் சுண்டலும்தான். பிரியாணி போட்டு அடுத்த வீட்டுக்காரரை நெருக்கடியில் மாட்டாதீர்கள். இந்தப் போட்டியால் முறை எடுக்கவே பயப்படும் வீடுகள் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. குமரிக்காரர் ஒரு பக்கம், தூத்துக்குடிக்காரர் ஒரு பக்கம், திண்டுக்கல்காரர் ஒரு பக்கம் என்று ஊர்க்கூட்டம் சேரும். ஊர்ப் பேச்சு கேட்க இனிமைதான், நானும் அனுபவிக்கிறவன். ஆனால் அதோடு நின்றுவிட்டால், தெலுங்கு பேசும் உள்ளூர்க் கத்தோலிக்கரும் எதிர்வீட்டுக் குடும்பமும் கடைசிவரை அந்நியர்தான். சாதி பார்த்துக் கூடும் கூட்டம் என்று தெரிந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

5. ஷிப்ட்டில் இருப்பவர்கள், விடுதியில் இருப்பவர்கள்

சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறு கடனைத் தீர்க்கும். சுழற்சி ஷிப்ட் உள்ளவர்கள் பக்கத்துப் பங்குகளின் பூசை நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளலாம், அங்கங்கே தமிழோடு ஆங்கிலம், மலையாளப் பூசைகளும் உண்டு. அன்பியப் பொறுப்பாளரிடம் உங்கள் ஷிப்ட் அட்டவணையைச் சொல்லிவிட்டால் கூட்ட நாளை மாற்றவும் தயங்க மாட்டார்கள்.

தொழிற்சாலை விடுதியில் தங்கும் பெண்களுக்கு ஞாயிறு வெளியே போகவே வார்டன் அனுமதி வேண்டியிருக்கும். தனித்தனியாகக் கேட்பதைவிட, கத்தோலிக்கப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பட்டியல் போட்டு, பங்குத்தந்தையின் கடிதத்தோடு கேட்டால் வேலை நடக்க வாய்ப்பு அதிகம். விடுதிக்காரர்களும் பதிவு செய்துகொள்ளலாம், குடும்பம் இருந்தால்தான் என்பதில்லை.

6. பிள்ளைகள், ஞானஸ்நானம், கல்யாணம்: எவ்வளவு முன்னால்?

மறைக்கல்வி பள்ளி ஆண்டோடு ஓடும். ஜூனில் பெயர் கொடுக்காவிட்டால் புதுநன்மை ஒரு வருடம் தள்ளிப்போகலாம்.

ஞானஸ்நானத்துக்கு ஞானத்தந்தை அல்லது ஞானத்தாய் ஒருவர் போதும், இருவர் என்றால் ஆண் ஒருவர், பெண் ஒருவர். பொதுவாக 16 வயது நிறைந்திருக்க வேண்டும், கத்தோலிக்கராக, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றவராக இருக்க வேண்டும், பெற்றோரே ஆக முடியாது. ஊரிலிருந்து வரும் மாமா என்றால் அவருடைய பங்கிலிருந்து ஒரு கடிதம் கேட்பார்கள். விருந்துக்கு மண்டபம் பிடித்த பிறகு, மாமா உறுதிபூசுதல் பெறவில்லை என்று தெரிந்து கையைப் பிசைவது அடிக்கடி நடக்கிற கதை. சி.எஸ்.ஐ. நண்பரை நிறுத்த விரும்பினால், கத்தோலிக்க ஞானப் பெற்றோர் ஒருவரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம்.

கல்யாணத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே ஃபாதரிடம் போங்கள். புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும், பெட்டியில் இருக்கும் பழையது செல்லாது. பொதுவாக ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகக் கேட்பார்கள். திருமணத் தயாரிப்புப் பயிற்சி, இரண்டு பங்குகளிலும் மூன்று ஞாயிறு ஓலை (கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு), முன்பு வாழ்ந்த ஊரிலிருந்து மணமாகாதவர் என்ற கடிதம், இவற்றுக்கெல்லாம் நாள் போகும். தவக்காலத்தில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபம் காலியாக இருக்கிறது என்று தேதி குறித்துவிட்டு வராதீர்கள். துணைவர் கத்தோலிக்கர் அல்லாதவர் என்றால் ஆயரின் அனுமதி வேண்டும், கோப்பு தருமபுரி போய்வர இன்னும் நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. நோயும் சாவும்

படுக்கையில் இருப்பவர் பெயரை அன்பியம் வழியாகப் பங்குக்குச் சொல்லிவிட்டால் மாதத்தின் முதல் வெள்ளிதோறும் வீட்டுக்கே நற்கருணை வரும். நோயாளிக்கு எண்ணெய் பூசும் நோயில்பூசுதலுக்குக் கடைசி மூச்சுவரை காத்திருக்கத் தேவையில்லை. பெரிய ஆபரேஷனுக்கு முன்பே பெறலாம்.

இறப்பு நேர்ந்தால் இரவு எந்நேரமானாலும் முதலில் அன்பியப் பொறுப்பாளருக்குச் சொல்லுங்கள். ஃபாதருக்குத் தகவல், கல்லறை இடம், பெட்டி, வீட்டில் செபமாலை என்று ஒவ்வொன்றுக்கும் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பதிவில்லாத குடும்பம் என்றால் அந்த நேரத்தில்தான் கல்லறை அனுமதிக்காகப் பழைய பங்குக்கு ஃபோன் போய்க்கொண்டிருக்கும். இங்கேயே அடக்கமா, ஊருக்குக் கொண்டுபோவதா என்பதைப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைப்பது நல்லது. கேட்கச் சங்கடம்தான், ஆனாலும் கேளுங்கள். மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ இறப்பைப் பதிவு செய்வது தனி வேலை. கோயில் தாள் அதற்குப் பதிலாகாது.

8. சி.எஸ்.ஐ. போன்ற சபையாருக்கு ஒரு வார்த்தை

சொற்கள் மாறும், வேலை ஏறக்குறைய ஒன்றுதான். பழைய சேகரத்தின் (அங்கே பங்கு மாதிரி) போதகரிடமிருந்து மாற்றுக் கடிதம், திடப்படுத்தல் (உறுதிபூசுதல் மாதிரி) விவரம், சந்தா பாக்கியில்லை என்ற குறிப்பு ஆகியவற்றை வாங்கி வாருங்கள். சபைத் தேர்தலில் ஓட்டு வேண்டும் என்றால் சந்தாவை விடாமல் கட்டுங்கள். வீட்டுச் செபக் கூட்டம் எந்தப் பகுதியில் என்று கேட்டு அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

9. மறுபடி ஊர் மாறினால்

ஓசூரில் இது நடக்கும். கம்பெனி மாறும், பெங்களூர் பக்கம் வீடு கிடைக்கும். வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு மாதம் முன்பே பங்கு அலுவலகத்தில் சொல்லி, சந்தாவை முடித்து, 2-வது பகுதியில் சொன்ன அதே கடிதத்தை இங்கிருந்து வாங்குங்கள். இங்கே நடந்த ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல் ஒவ்வொன்றின் சான்றிதழையும் அப்போதே எடுத்துவிடுங்கள், பெயர் எழுத்தையும் பாருங்கள். அன்பியக் கணக்கோ சாவியோ உங்களிடம் இருந்தால் கடைசிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஒப்படையுங்கள். அந்த வீட்டுக்கு வரப்போகிற குடும்பம் கத்தோலிக்கர் என்று தெரிந்தால் அவர்கள் எண்ணைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.